சிலது திறக்கும், சிலது திறக்காது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலுக்கு ஆகாத குணம் இது. போனை எடுத்ததும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினியளா?" என்று கேட்பேன். பண்ணவில்லை என்றால், பண்ணிவிட்டுக் கூப்பிடச் சொல்லிக் கட் செய்துவிடுவேன். கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து ஆரியங்கோடு வரைக்கும், டியூஷன் சென்டர், நிலப் பத்திரம் எழுதுகிற ஆபீஸ், ரப்பர் கடை என்று சின்னச் சின்ன இடங்களாகப் பல வருஷமாக பைக்கில் அலைகிறேன். "வாய் கெட்டவன், ஆனா ஜோலி தெரிஞ்சவன்" என்று இந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வாய் கெட்டால் என்ன, வேலை தெரிகிறதல்லவா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நான் சொல்லப்போவது அந்த வேலை தெரிந்த கை அடித்த ஒரே ஒரு வரியைப் பற்றி. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில், முன்னறைக் கம்ப்யூட்டரில் அதை அடித்தேன். மாசாமாசம் அங்கே ரத்தம் கொடுத்து, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை தின்று உயிர் வாழ்ந்த ஒரு பெண்ணின் உயிர் அந்த வரியில் தொங்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

குன்னத்துகால் போகிற ரோட்டில் இருந்தது லேப். சொந்தக்காரர் அரசு ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய வேளாள வீடு. மகாராஜா காலத்தில் தாத்தா குமாஸ்தா, அதனால் எழுத்து சுத்தம், நோட்டு சுத்தம் என்பதில் அவருக்குப் பெரிய வீம்பு. நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னைக் கோபம் இல்லாதபோது 'தம்பி' என்பார், கோபம் வந்தால் 'எலே'. முன்னறையில் ரசீது போடவும் ரிப்போர்ட் அச்சடிக்கவும் ஒரு சேச்சி. இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற பெண். சாரும் சேச்சியும்தான் லேப் முழுக்க.

சாருக்கு என்று ஒரு முறை இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, கார்டில் ஒரு நம்பர், கம்ப்யூட்டரில் அந்த நம்பரில் ஒரே ஒரு ஃபைல். அடுத்த தடவை அந்த ஆள் வந்தால் அதே ஃபைலைத் திறந்து, பழைய அளவை அழித்து, புது அளவை அடித்து, அதிலேயே சேமித்துவிடுவார். "வேற வேறயா வச்சா சவறாட்டுக் குவியும்லே. ஒரு ஆளுக்கு ஒண்ணு, அதாக்கும் சுத்தம்" என்பார். பழைய அளவெல்லாம் அவருடைய பெரிய நோட்டில் மையால் எழுதியிருக்கும். உள்ளறையில் அவர் அடித்து முடித்ததும், சேச்சி முன்னறையில் இருந்தபடியே உள்ளறைக் கம்ப்யூட்டரின் பெயரைத் திறந்து, கார்டு நம்பரைப் பார்த்து ஃபைலை எடுத்து லெட்டர் ஹெட்டில் அச்சடிப்பார். லெட்டர் ஹெட்டில் சார் காலையிலேயே ஒரு கட்டாகக் கையெழுத்துப் போட்டு முன்னால் கொடுத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் எழுந்து வர முட்டு வலி விடாது.

தேதி ஒரு தொல்லையாக இருந்தது. பழைய தேதியை மாற்ற சார் மறப்பார், திட்டு சேச்சிக்கு விழும். அழாத குறையாகச் சொன்னார். நான் ஐந்தே நிமிஷத்தில், எந்த நாள் திறக்கிறார்களோ அந்த நாளின் தேதி தானாக விழும்படி செய்துகொடுத்தேன். சேச்சி எனக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தந்தார். வழியிலேயே தின்று முடித்தேன்.

சித்திரையில் உள்ளறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஃபைல்களை எல்லாம் புதியதில் போட்டேன். பழையதைப் பக்கத்து அறையில் கேமரா பார்க்க வைத்தேன். அதில் இருந்த ஃபைல்களை அழிக்கவில்லை. ஒரு பாதுகாப்புக்குக் கிடக்கட்டும் என்று சாரிடம் சொன்னேன். உண்மையில் சோம்பல்.

ஆனி பிறந்து, மிதுன மாச மழையில் ஒரு நாள் சேச்சி கூப்பிட்டார், உள்ளறைக் கம்ப்யூட்டர் பெயரில் திறக்கவில்லை என்று. போய்ப் பார்த்தேன். ஒரு ஆபீஸில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்போம். அது நம்முடைய வசதிக்கு. அவை ஒன்றையொன்று தேடிப் போவது எண்ணை வைத்துத்தான். எண்ணை மோடம் பங்கு வைத்துக் கொடுக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அவை தங்களுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஏதோ அப்டேட் வந்து அந்தக் கேட்டுச் சொல்கிற ஏற்பாடு படுத்துவிட்டது. எண்ணை அடித்தால் திறக்கிறது, பெயரை அடித்தால் முழிக்கிறது.

முறையாகச் செய்வதென்றால் மோடத்துக்குள் போய், இந்தக் கம்ப்யூட்டருக்கு என்றைக்கும் இந்த எண்தான் என்று கட்டிப்போட வேண்டும். மோடத்தின் பாஸ்வேர்டு கேபிள்காரரிடம் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. சார் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு பேரு தொறக்க இத்தற நேரமாலே? ரெண்டு வெரலு வச்சுத் தட்டுதது மட்டும்தானே ஒனக்க ஜோலி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் 'இந்தப் பெயர் என்றால் இந்த எண்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அப்புறம் அது யாரிடமும் எதுவும் கேட்காது. எழுதியதை நம்பிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வரியை அடித்தேன். பெயர் உடனே திறந்தது. "தொறந்தாச்சு சார்" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன். எண் ஒரு நாள் மாறக்கூடும் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். மாறினால் திறக்காது, கூப்பிடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி வந்து, துலாம் மாச இடி தொடங்கியது. ஒரு சாயங்காலம் விழுந்த இடியில் அந்தத் தெருவில் பாதி மோடம் கருகிவிட்டது. கேபிள்காரர் மறுநாள் லேபில் புது மோடம் வைத்துவிட்டுப் போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் ஓடிப்போயிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு இரண்டாம் நாள் சேச்சி கூப்பிட்டார்.

"தம்பி, சிலது தொறக்குது, சிலது தொறக்கல்ல. ஒண்ணு வந்து பாத்துட்டுப் போவும்."

"சேச்சி, சிலது தொறக்குதுண்ணா லைன் செரியாக்கும். தொறக்காதது சாரு சேவ் பண்ணாததா இருக்கும். அவருட்டப் போய்க் கேளும்."

ஐந்தாம் நாள் மறுபடி. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்" என்றேன். எட்டாம் நாள் மறுபடி. அன்றைக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். "சேச்சி, நான் என்ன ஒங்களுக்க வேலைக்காரனா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் போன் அணைந்தது. அதுவரைக்கும் சேச்சி, திறக்காத ரிப்போர்ட்டுக்கு எல்லாம் உள்ளே நடந்துபோய் சாரிடம் பென் டிரைவில் வாங்கிவந்து அச்சடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் சாரே கூப்பிட்டார். பென் டிரைவுக்கு எழுந்து எழுந்து அவருக்கு முட்டு வலி கூடிவிட்டது. "எலே, வாறியா வரல்லியா?" என்றார். போனேன்.

முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெயரைத் திறந்தேன். திறந்தது. நம்பர் நம்பராக ஃபைல்கள். இதில் என்ன கேடு என்று எரிச்சலாக இருந்தது.

"எதெல்லாம் தொறக்குது சேச்சி, எதெல்லாம் தொறக்கல்ல?"

"பழைய ஆளுகளுக்க எல்லாம் தொறக்கும். புதுசா வாறவங்களுக்கதான் கிட்டாது."

பழைய ஆள், புதிய ஆள் என்று கம்ப்யூட்டர் பார்க்குமா! சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கண் ஃபைல்களின் பக்கத்தில் இருந்த தேதிமேல் விழுந்தது. கடைசியாகச் சேமித்த தேதி. எல்லாம் சித்திரை, சித்திரைக்கு முன்பு. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அன்று காலையில் மட்டும் சார் ஆறு ரிப்போர்ட் அடித்து முடித்திருந்தார்.

அந்தப் பெயர் எந்த எண்ணுக்குப் போகிறது என்று பார்த்தேன். ஐந்தில் முடிகிற எண். எழுந்து உள்ளறைக்குப் போய் சாருடைய கம்ப்யூட்டரின் எண்ணைப் பார்த்தேன். ஏழில் முடிந்தது. பக்கத்து அறைக்கு ஓடினேன். கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்தான் ஐந்து. புது மோடம் எண்களைப் புதிதாகப் பங்கு வைத்தபோது, சாருடைய கம்ப்யூட்டரிடம் இருந்த எண் பழையதுக்குப் போய்விட்டது. நான் எழுதிய வரி அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளாக சேச்சி அந்தப் பெயரைத் திறந்து, பழைய கம்ப்யூட்டரில் கிடந்த ஆறு மாசத்துக்கு முந்திய ரிப்போர்ட்டுகளை எடுத்து, அன்றைய தேதியோடு, சாருடைய கையெழுத்தோடு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர்களின் நம்பர் பழையதில் இல்லை, அதனால் திறக்கவில்லை. அவர்கள் தப்பினார்கள். திறந்ததெல்லாம்தான் தப்பு.

சாரிடம் சொன்னேன். அவருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று பேருமாக ரசீது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளையும் அலசினோம். ஏற்கெனவே கார்டு உள்ளவர்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு நம்பரையும் பழையதில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. பெரிய வித்தியாசம் இல்லை, கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட எனக்கு மூச்சு வந்தது. ஒன்பதாவது கார்டு அந்தப் பெண்ணுடையது.

கடற்கரையில் இருந்து மாசம் ஒரு தடவை புருஷனோடு பஸ்ஸில் வருவார். இதயத்தில் வால்வு மாற்றியவர். அப்படி மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை தின்ன வேண்டும். அளவு கூடினால் உள்ளே ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டும். லேபில் வருகிற அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். சேச்சிக்கு அவரை நன்றாகத் தெரியும். வரும்போதெல்லாம் ஒரு பொதி உலர்ந்த நெத்தோலி கொண்டு வந்து கொடுப்பாராம்.

மூன்றாம் நாள் அவருக்கு வந்த அளவு நாலு புள்ளி எட்டு. ரொம்பக் கூடுதல். அச்சடித்துக் கொடுத்தது ஒன்று புள்ளி நாலு. ரொம்பக் குறைவு.

"நாலு எட்டுண்ணு கண்டதும் நான் சேச்சியிட்ட விளிச்சுச் சொன்னேனே" என்றார் சார். "இண்ணைக்கே டாக்டருட்டக் காட்டச் சொல்லுண்ணு."

"நான் சொன்னேன் சார்" என்றார் சேச்சி. "அளவு எத்தறண்ணு எனக்குத் தெரியாது. அவிய இங்க இருந்து நேரே டாக்டருட்டதான் போனாவ."

குறைவு என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பார்க்கிற டாக்டர் என்ன செய்வார்? மாத்திரையைக் கூட்டுவார். அது மூன்று பேருக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள். சேச்சி என்னை முதல் தடவை கூப்பிட்டதற்கு அடுத்த நாள்.

சார் போனை எடுத்தார். மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டு, மிஷினில் சின்னக் கேடு, காசு வேண்டாம், ஒரு தடவை கூட வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒரே மாதிரி சொன்னார். அந்தப் பெண்ணின் நம்பர் மணி அடித்து அடித்து நின்றது. நாலு தடவை.

"நீ போ" என்றார் என்னிடம். "மிஷின் கேடுண்ணு சொன்னா போதும். கையோட கூட்டிட்டு வா. வேற ஒண்ணும் வாயத் தொறக்காண்டாம், கேட்டியா? லேபை மூடினா சேச்சியும் நானும் தெருவுலயாக்கும்."

செங்கல் என்கிற ஊர் வழியாகக் கடற்கரைக்குப் பைக்கை விரட்டினேன். நல்ல வெயில். உயிரோடு இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு போகிறேன், செலவெல்லாம் நான் பார்க்கிறேன் என்று பேரம்கூடப் பேசினேன்.

கடற்கரை ரோடு திரும்புகிற இடத்தில், கரன்ட் போஸ்டில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. ஆதராஞ்சலி, செத்தவர்களுக்கு வைப்பது. ரேஷன் கார்டில் இருந்து பெரிதாக்கிய ஒரு முகம். அடியில் இருந்த பெயரும் வீட்டுப் பெயரும் ரசீது நோட்டில் நான் அன்று காலையில் வாசித்தவைதான். செத்து ஆறாவது நாள்.

பைக்கை நிறுத்திவிட்டு அந்தப் போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். சாரிடம் வந்து சொல்லியிருந்தால் அவரும் பெருமூச்சு விட்டு நோட்டை மூடியிருப்பார். வீடு வரைக்கும் ஏன் போனேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

முற்றத்தில் தார்ப்பாய் கட்டி வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் புருஷன் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், கடலுக்குப் போய்க் கறுத்த உடம்பு. மற்றவர்கள் எல்லாம் உள்ளேயும் வேலிப் பக்கத்திலும் நின்றார்கள். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. வேலியருகே நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தேன்.

"தலைக்குள்ள ரத்தம் ஒழுகிப் போச்சுது. மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போச்சு, ஒரு நாளு கெடந்தா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "ரத்தத்துல மாத்திரை கூடிப் போச்சுண்ணு டாக்டர்மாரு சொன்னாவ. அதுக்கு மூணு நாளு முந்தி எடுத்த ரிப்போர்ட்டுல குறைவாக்கும் எழுதியிருக்கு. பின்ன எங்ஙன கூடும்? கெழவனுக்குக் கண்ணு பிடிக்காது, மாத்திரைய மாறிக் குடுத்துட்டாரு. மகளு அவருட்ட மிண்டுதே இல்ல, பேச்சே கெடையாது. கஞ்சியும் நாங்கதான் கொண்டு குடுக்குதோம்."

அந்த மனுஷரின் முன்னால் போய் நின்று, லேபில் இருந்து வருகிறேன் என்றேன். எழுந்து நின்றுவிட்டார். ஐயோ, எனக்காக எழுந்து நின்றார்.

"லேபுல இருந்தா? அவ்வளவு தூரத்துல இருந்து வந்தீராக்கும். இரும், இரும்."

மடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அந்த ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டைகள். அட்டைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

"தம்பி படிச்ச ஆளாக்கும். ஒண்ணு எண்ணிப் பாரும். நான் எண்ணி எண்ணிப் பாக்குதேன், கணக்கு செரியாட்டுதான் வருது. டாக்டரு சொன்னதுக்குமேல ஒரு மாத்திரைகூட நான் குடுக்கல்ல. பின்ன எங்ஙன கூடிப் போச்சு? நான்தான் ராத்திரியில தெரியாம ரெண்டாவது மட்டம் குடுத்துட்டேனோ? ஓர்ம்ம இல்ல தம்பி. ஓர்ம்ம இல்லாம நான் அவளைக் கொன்னுட்டேன்."

எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. மிஷின் கேடு என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் தலையாட்டி என்னை அனுப்பியிருப்பார், அதற்குப் பிறகும் அந்த அட்டைகளைச் சாகும்வரை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

"நீங்க கொல்லல்ல மாமா" என்றேன். "ரிப்போர்ட்டு தப்பு. இது ஆறு மாசத்துக்கு முந்தி உள்ளது. அண்ணைக்கு அவங்களுக்குக் குறைவு இல்ல, கூடுதலாக்கும். நான் செய்த வேலையில வந்த தப்பு."

அவருக்கு விளங்கவில்லை. பெயர், எண், மோடம் என்று நான் உளறியது எனக்கே விளங்கவில்லை. கடைசியில், ஒரு அறைக்குப் போகவேண்டியவரை நான் வேறு அறைக்கு வழி காட்டிவிட்டேன், அங்கே இருந்த பழைய தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்பம் நான் குடுத்தது செரியாக்கும்?"

"செரியாக்கும் மாமா."

"நான் கொல்லல்லியா?"

"இல்ல."

நாற்காலியின் கையைப் பிடித்தபடி சத்தமாக அழத் தொடங்கினார். வேலிப் பக்கத்தில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். வாசலில் மகள் வந்து நின்றாள். முப்பது வயதுப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "பிள்ளே, இங்க வா. இவரு சொல்லுதத ஒண்ணு கேளு" என்று கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா கூடச் சொல்லும்." சொன்னேன். மகள் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

யாராவது என்னை அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஏழாம் நாளு. அவளுக்க கூடப்பொறந்த ஆங்ஙளமாரு எல்லாம் வருவாவ. அவங்களுக்க முன்ன வச்சு நீரு இதைச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாவ."

வருகிறேன் என்றேன்.

லேபுக்குத் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எலே, என்னையும் சேத்துக் குழியில தள்ளிட்டியே!" என்று கையை ஓங்கினார். வேறொரு நாளாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஓங்கின கை கீழே வந்தது. அவருக்கும் உள்ளே ஏதோ உடைந்திருக்க வேண்டும், மையால் எழுதிய பெரிய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, என்னைப் பார்க்காமல், "கொண்டு போ, அதுல நாலு எட்டுண்ணு உண்டு" என்றார். சேச்சி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டவர் அவர். கிழவரிடம் சொன்னபோது அதை மட்டும் நான் விட்டுவிட்டிருந்தேன். தப்பு நடந்தது என்று சொன்னேனே தவிர, தடுத்திருக்கலாம் என்று சொல்லவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். வழக்கம்போல எரிந்து விழுந்தேன்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தபிறகு போனேன். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். கிழவர் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். நோட்டைத் திறந்து காட்டினேன், அச்சடித்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தேன், முதலில் இருந்து சொன்னேன். சோம்பலில் அழிக்காமல் விட்ட ஃபைல்கள், கோபத்தில் அடித்த வரி, எல்லாம். பிறகு, "இது நடக்குததுக்கு முந்தின நாளே லேபுல இருந்து என்னை விளிச்சுச் சொன்னாவ. நான் வரல்ல. வந்திருந்தா இது நடந்திருக்காது" என்றேன்.

இறந்தவரின் தம்பி ஒருவர் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். "விடு மக்கா, விடு" என்று கிழவர் எழுந்து நடுவில் வந்தார். சட்டையை விட்ட அந்தத் தம்பி, அப்படியே திரும்பி அத்தானின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராகக் கிழவரைச் சுற்றி வந்தார்கள். யாரோ அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். சோறு பரிமாறத் தொடங்கியபோது மகள் தன் கையாலேயே ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து தகப்பனின் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு தின்னத் தொடங்கினார். என்னைச் சாப்பிடு என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்தேன். புகார், விசாரணை, லேபின் கதவில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் பிறகு வந்தன, வரவேண்டியவைதான். பைக்கில் சாவியைப் போடும்போது பின்னால் மகள் வந்து நின்றாள்.

"முந்தின நாளு விளிச்சப்ப என்ன சொன்னிய அவங்களுட்ட?" என்று கேட்டாள்.

"சிலது தொறக்குதுண்ணா எல்லாம் செரியாக்கும்ண்ணு சொன்னேன்."

முற்றத்தில் தின்றுகொண்டிருந்த தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்க அப்பன்தான் அம்மையக் கொன்னதா ஆறு நாளு நான் நினைச்சேன். அது இல்லண்ணு வந்து சொன்னது நல்லதாச்சு. இனி எனக்க கண்ணுல நீங்க படப்பிடாது."

"செரி மக்கா" என்றேன்.